கையொப்பங்களைத் தொடர்ந்து நோர்வே வரலாற்றைப் பயிலும் முறை: திருகோணமலை வாசிப்பு வட்டங்களுக்கு ஒரு வழிகாட்டி

காணி உறுதி ஒன்று கைக்கு வந்தால் நம்மூரில் எவரும் அதை முதற்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவதில்லை. கடைசித் தாளைப் புரட்டி, கொடுத்தவர் கையொப்பமிட்டிருக்கிறாரா, சாட்சிகள் இருவரும் யாருடைய ஆட்கள், நொத்தாரிசின் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்த பின்னரே வடக்கெல்லைக்கும் கிழக்கெல்லைக்கும் வருவார்கள். நோர்வேயின் 19ஆம் நூற்றாண்டு வரலாற்றைத் திருகோணமலையில் தமிழ் வாசகர்களோடு கூடியிருந்து பயில விரும்புவோருக்கு நான் பரிந்துரைப்பதும் இந்தப் பழக்கத்தைத்தான். 1814க்கும் 1905க்கும் இடைப்பட்ட 91 ஆண்டுகளில் அந்நாட்டின் போக்கை மாற்றிய தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதில் கையொப்பமிட்டவர் யார், கையொப்பமிட மறுத்தவர் யார், கையொப்பமே கேட்கப்படாதவர் யார் என்று பார்த்துக்கொண்டு போனால், பெயர்களும் திகதிகளும் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

நோர்வே என்ற பெயர் நமக்குப் புதியதன்று. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னர் நோர்வேயின் தலைமையில் இயங்கிய கண்காணிப்புக் குழுவுக்கு நம் நகரிலும் அலுவலகம் இருந்தது. அதற்கு முன்பே அந்நாட்டின் மக்கள் உயர்பள்ளிகளுக்குப் படிக்கச் சென்றவர்களும், வடகோடியிலுள்ள மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தவர்களும் நம் குடும்பங்களில் உண்டு. ஆனால் நமக்குத் தெரிந்த நோர்வே நம் வாசலுக்கு வந்த நோர்வே மட்டுமே; அந்நாடு தன் வீட்டுக்குள் என்ன வழக்காடியது, எப்படித் தீர்த்துக்கொண்டது என்பதை நாம் கேட்டதில்லை.

எங்கள் சனிக்கிழமை வட்டத்தில் இந்தப் பொருளை நான் முதன்முறை எடுத்தபோது பெரும் பிழை ஒன்றைச் செய்தேன். ஆர்வமூட்ட வேண்டுமென்று எண்ணி, சுவீடனுடனான ஒன்றியம் கலைந்தது குறித்து நோர்வே நடத்திய 1905ஆம் ஆண்டுச் சர்வசன வாக்கெடுப்பில் ஆதரவாக 3,68,208 வாக்குகளும் எதிராக 184 வாக்குகளும் விழுந்தன என்ற செய்தியைத் தொடக்கத்திலேயே பலகையில் எழுதிவிட்டேன். அடுத்த ஒன்றரை மணித்தியாலமும் நோர்வேயைப் பற்றி ஒருவரும் பேசவில்லை; எல்லோரும் நம் நாட்டைப் பற்றியே பேசினார்கள், அதுவும் உரத்த குரலில். எனவே இந்த வழிகாட்டியின் முதல் அறிவுரை இதுதான்: அந்த எண்களைக் கடைசி அமர்வு வரை பூட்டி வையுங்கள். ஒப்பீடு தவறென்று நான் சொல்லவில்லை. ஒரு பக்கத்தை அறியாமல் செய்யப்படும் ஒப்பீடு, அறிந்த பக்கத்தையே இரண்டு முறை சொல்வதாக முடிந்துவிடும் என்பதே என் அனுபவம்.

ஆயத்தம்

நான்கு அமர்வுகள் போதும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள். பன்னிரண்டு பேருக்கு மேற்பட்டால் விவாதம் கலைந்துவிடும். வட ஐரோப்பாவின் வரைபடம் ஒன்றைப் பெரிதாக வரைந்து, டென்மார்க், நோர்வே, சுவீடன் ஆகிய மூன்றையும் வேறுவேறு நிறத்தில் தீட்டிக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்டுவதற்கு ஐந்து டிமைத் தாள்கள் வேண்டும். ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் ஆவணத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி, கீழே மூன்று நிரல்கள் வரையுங்கள்: ஒப்பமிட்டோர், மறுத்தோர், கேட்கப்படாதோர். பாடநூல்கள் முதல் நிரலைத் தருகின்றன; இரண்டாவதும் மூன்றாவதும் வட்டத்தினர் தேடி நிரப்ப வேண்டியவை.

சொற்களைப் பொறுத்தவரை முன்கூட்டியே ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிடுவது நல்லது. நோர்வேயின் பாராளுமன்றத்தை ஸ்டோர்டிங் என்றே சொல்லுங்கள். மன்னர் ஒரு சட்டமூலத்துக்கு இசைவு மறுப்பதை வீட்டோ என்று சொன்னால் எவருக்கும் விளங்கும். மன்னர் ஒப்பமிட்ட தாளில் பொறுப்பமைச்சரும் ஒப்பமிடுவதைக் குறிக்க மேலொப்பம் என்ற நல்ல தமிழ்ச் சொல் நம் அலுவலகங்களில் ஏற்கெனவே உண்டு. நான்காம் அமர்வு முழுவதும் அந்த ஒரு சொல்லின்மேல்தான் நிற்கப்போகிறது. தலைநகரின் பெயரிலும் கவனம் தேவை: 1925ஆம் ஆண்டு வரை அது கிறிஸ்டியானியா, அதன் பின்னரே ஒஸ்லோ.

முதலாம் அமர்வு: கீல், 1814

வரைபடத்துக்குப் போவதற்கு முன்னர் நம் கோட்டை வாசலிலிருந்து தொடங்குங்கள். 1795ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினர். 1802இல் பிரான்சின் அமியென் நகரில் எழுதப்பட்ட உடன்படிக்கை, இலங்கையில் ஒல்லாந்தர் வசமிருந்த பகுதிகளைப் பிரித்தானியாவுக்கு உரியனவாக்கியது. அந்தத் தாளில் திருகோணமலையைச் சேர்ந்த எவரும் ஒப்பமிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதேயில்லை. இதைச் சொல்லி நிறுத்திவிட்டு, அதே நெப்போலியப் போர்களின் மறுமுனையில் நடந்ததற்கு வாருங்கள்.

டென்மார்க்கும் நோர்வேயும் நீண்ட காலமாக ஒரே மன்னரின்கீழ் இருந்தன. ஆட்சி நடந்தது கோபன்ஹேகனிலிருந்து. போரில் டென்மார்க் நெப்போலியனின் பக்கம் நின்று தோற்றது. பின்லாந்தை 1809இல் ரஷ்யாவிடம் இழந்திருந்த சுவீடன், அதற்கு ஈடாக நோர்வேயை வேண்டி நின்றது. 1814ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி கீல் நகரில் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி டேனிய மன்னர் ஆறாம் பிரெடெரிக் நோர்வேயைச் சுவீடன் மன்னருக்குக் கையளித்தார். ஐஸ்லாந்து, கிறீன்லாந்து, பாரோ தீவுகள் ஆகியவை முன்னர் நோர்வே முடிக்கு உரியனவாக இருந்தும் டென்மார்க்குடனேயே தங்கிவிட்டன. வீட்டை விற்றவர் கிணற்றையும் தென்னந்தோப்பையும் தமக்கென வைத்துக்கொண்டது போன்ற விற்பனை அது. முதல் தாளின் மூன்றாம் நிரலில் வட்டத்தினர் எழுத வேண்டிய விடை நோர்வே மக்கள் என்பதாகும். அதை நீங்கள் சொல்லிக் கொடுக்காமல் அவர்களே கண்டுபிடிக்க விடுங்கள்.

இந்த அமர்வில் இடைவேளைக்குப் பின்னர் நேரம் மிஞ்சினால், டென்மார்க்கும் நோர்வேயும் ஒன்றாயிருந்த காலம் தமிழரின் கரைகளையும் தொட்டது என்பதைச் சொல்லலாம். 1620ஆம் ஆண்டு ஓவே கியெட்டே என்பவரின் தலைமையில் வந்த டேனியக் கப்பல்கள் திருகோணமலையில் கோட்டை ஒன்றைக் கட்ட முற்பட்டுக் கைகூடாமற் போயின. அவ்வாண்டே தரங்கம்பாடியில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனிய மன்னருக்குப் பொன்னோலையில் தமிழில் எழுதுவித்த மடல் இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தரங்கம்பாடியை ஆண்ட ஆளுநர் பீட்டர் ஆங்கர் நோர்வேயில் பிறந்தவர். தமிழகக் கோயில்களைத் தம் கையாலேயே வரைந்தவர். அவருடைய சகோதரர் கார்ஸ்டன் ஆங்கரின் வீட்டில்தான் நம் இரண்டாம் அமர்வு நடக்கவிருக்கிறது. முதலாவது மாலையை இந்தச் செய்தியுடன் முடித்துக்கொண்டால் அடுத்த கிழமை ஒருவரும் வராமல் இருக்க மாட்டார்கள்.

இரண்டாம் அமர்வு: எயிட்ஸ்வோல், 1814

முழுப் பயிற்சியிலும் மிக வளமான பகுதி இதுவே. இரண்டு மணித்தியாலத்தில் முடியாவிட்டால் இன்னொரு சனிக்கிழமையை இதற்கே கொடுத்துவிடுங்கள்.

கீல் உடன்படிக்கையின் செய்தி வந்தபோது நோர்வேயில் டேனிய மன்னரின் பிரதிநிதியாக இருந்தவர் இளவரசர் கிறிஸ்டியான் பிரெடெரிக். பரம்பரை உரிமையின் பேரில் தாமே முடிசூடிக்கொள்ள அவர் முதலில் எண்ணினார். பெப்ரவரி மாதம் எயிட்ஸ்வோல் என்ற ஊரிலுள்ள கார்ஸ்டன் ஆங்கரின் மாளிகையில் கூடிய பெரியோரின் கூட்டத்தில், பேராசிரியர் கேயோர்க் ஸ்வெர்ட்ரூப் அதனை ஏற்க மறுத்தார். மன்னர் தம் உரிமையைத் துறந்துவிட்டதால் இறைமை மக்களிடம் திரும்பிவிட்டது என்றும், அவர்கள் தெரிவுசெய்யாமல் எவரும் மன்னராக முடியாது என்றும் வாதிடப்பட்டது. இளவரசர் இணங்கினார். தேவாலயங்களில் மக்கள் கூடி வாக்காளர்களைத் தெரிந்தனர்; அவர்கள் பிரதிநிதிகளைத் தெரிந்தனர்; ஏப்ரல் 10ஆம் திகதி 112 பிரதிநிதிகள் எயிட்ஸ்வோல் மாளிகையில் கூடி, ஆறு கிழமைக்கும் குறைந்த காலத்தில் ஓர் அரசியலமைப்பை எழுதி முடித்தனர். அது மே 16ஆம் திகதி நிறைவேறி, மே 17ஆம் திகதியிடப்பட்டது. அன்றே கிறிஸ்டியான் பிரெடெரிக் மன்னராகத் தெரிவானார். ஏட்டின் கடைசிப் பக்கங்களில் 112 ஒப்பங்களும் அவற்றுடன் செவ்வரக்கு முத்திரைகளும் உள்ளன.

இங்கே பங்கேற்போரை நடிக்கச் செய்யுங்கள். பாதிக்கு மேற்பட்டோர் அரச உத்தியோகத்தர். 37 பேர் விவசாயிகள். எஞ்சியோரில் வணிகரும் ஆலை முதலாளிமாரும் இருந்தனர். மிக இளையவரான தோமஸ் கோனோவ் பதினேழு வயதான கடற்படை மாணவர். அந்தப் பாத்திரத்தை உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருவருக்குக் கொடுத்தால் அறை உயிர்பெற்றுவிடும். இரு தரப்பாகப் பிரியுங்கள். கிறிஸ்டியான் மாக்னுஸ் பால்சனை முன்னணியில் கொண்ட பெரும்பான்மையினர் முழு விடுதலையை வேண்டினர். வேடல் யார்ல்ஸ்பெர்க் பிரபுவைச் சார்ந்தோர், பிரித்தானியாவின் கடல் முற்றுகையால் தானியம் வராமல் நாடு பட்டினி கிடந்ததை நினைவூட்டி, நல்ல நிபந்தனைகளுடன் சுவீடனோடு சேர்வதே நடக்கக்கூடியது என்றனர். இரண்டாந்தரப்பைக் கோழைகளாகக் காட்ட விடாதீர்கள். சில மாதங்களில் அவர்கள் சொன்னதுதான் நடந்தது.

காலியாக விட வேண்டிய நாற்காலிகளும் உண்டு. வடகோடி மாவட்டங்களின் பிரதிநிதிகள் எயிட்ஸ்வோலுக்கு வரவேயில்லை. செய்தி போய்ச் சேர்ந்து, தெரிவு நடந்து, ஆட்கள் வந்து சேர்வதற்கு அந்த நாட்டின் நீளம் இடங்கொடுக்கவில்லை. எங்கள் வட்டத்தில் ஒரு பிள்ளை எழுந்து, “சேர், அவை வராமலே முழு நாட்டுக்கும் சட்டம் எழுதினவையா?” என்று கேட்டது. ஓம் என்பதே விடை. அந்தக் கேள்வி வராவிட்டால் நீங்களே காலி நாற்காலியைச் சுட்டிக்காட்டிக் கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் நிரலில் இன்னும் பல பெயர்கள் சேரும். வாக்குரிமை 25 வயதைக் கடந்த உத்தியோகத்தர், சொந்தக் காணியையோ குத்தகைக் காணியையோ பயிரிட்டோர், நகரத்துச் சொத்துடையோர் ஆகிய ஆண்களுக்கே கிடைத்தது. அக்கால ஐரோப்பாவின் அளவுகோலால் அது பரந்ததுதான், ஆயினும் வேலையாட்களும் பெண்களும் வெளியே நின்றனர். அத்துடன் இரண்டாம் பிரிவு யூதர்கள் நாட்டுக்குள் நுழைவதையே தடைசெய்தது. இயேசு சபையினருக்கும் அதே தடை. மக்களின் இறைமையைப் போற்றிய அதே கைகள் இந்தப் பிரிவுக்கும் சேர்த்தே ஒப்பமிட்டன. யூதர் மீதான தடை, கவிஞர் ஹென்ரிக் வேர்கலாண்ட் ஆண்டுக்கணக்கில் போராடி 1845இல் மறைந்த பின்னர், 1851ஆம் ஆண்டே நீங்கியது. இயேசு சபையினர் மீதான தடை 1956 வரை ஏட்டில் கிடந்தது. சிலர் இந்தப் பகுதியை விட்டுவிடும்படி எனக்குச் சொன்னார்கள், நல்ல கதை கெட்டுவிடும் என்று. கெடட்டும். உறுதியில் உள்ள பாதகமான வரியை மறைத்து வாசித்துக் காட்டும் ஆளை நாம் நொத்தாரிசு என்று சொல்வதில்லை.

கலையும்போது அவர்கள் கைகோத்து நின்று, “ஒற்றுமையோடும் உண்மையோடும், டோவ்ரே வீழும் வரை” என்று சூளுரைத்தனர். டோவ்ரே என்பது நடு நோர்வேயின் மலைத்தொடர். கோணேசர் மலையைச் சாட்சி வைத்து ஆணையிடுவோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டோவ்ரே வீழவில்லை, ஆனால் ஜூலை இறுதியில் சுவீடன் படையெடுத்தது. ஆகஸ்ட் 14ஆம் திகதி மொஸ் நகரில் போர்நிறுத்தம் ஒப்பமானது. கிறிஸ்டியான் பிரெடெரிக் முடி துறக்க இணங்கினார். பதிலாகச் சுவீடன் தரப்பு எயிட்ஸ்வோல் அரசியலமைப்பைப் பேச்சுவார்த்தையின் அடிப்படையாக ஏற்றது. நவம்பர் 4ஆம் திகதி ஸ்டோர்டிங் வேண்டிய திருத்தங்களைச் செய்து, சுவீடன் மன்னர் பதின்மூன்றாம் கார்லைத் தானே நோர்வேயின் மன்னராகத் தெரிவுசெய்தது. இதில் உள்ள நுட்பத்தை விளக்குவதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கீலில் மன்னர் ஒருவர் கொடுத்ததாலேயே சுவீடன் மன்னருக்கு நோர்வே கிடைத்தது என்று ஒரு தாள் சொல்கிறது. ஸ்டோர்டிங் தெரிந்தெடுத்ததாலேயே கிடைத்தது என்று இன்னொரு தாள் சொல்கிறது. ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள். அடுத்த 91 ஆண்டுகளும் இரு நாடுகளும் எந்த உறுதி செல்லும் என்றே வழக்காடின.

மூன்றாம் அமர்வு: 1814 முதல் 1884 வரை

இந்த எழுபது ஆண்டுகளை விரைவாகக் கடக்கலாம். மன்னரும் வெளிநாட்டுக் கொள்கையும் பொது. பாராளுமன்றம், அரசாங்கம், படை, நாணயம், நீதிமன்றம் ஆகியவை தனி என்ற சட்டகத்தை முதலில் பலகையில் எழுதுங்கள். அடுத்ததாக மன்னரின் வீட்டோவுக்கு அரசியலமைப்பு வைத்த எல்லையை விளக்குங்கள்: தொடர்ந்து மூன்று ஸ்டோர்டிங்குகள் ஒரே சட்டத்தை நிறைவேற்றினால், மன்னரின் ஒப்பம் இல்லாமலேயே அது சட்டமாகும். மன்னரின் விருப்பத்துக்கு மாறாக 1821இல் பிரபுப் பட்டங்கள் ஒழிந்தது இந்த ஏற்பாட்டின் வலுவினால்தான். இரு நாட்டுக் கொடிகளின் நிறங்களும் கலந்த ஒன்றியச் சின்னம் நீங்கிய தனி வணிகக்கொடி 1898இல் கிடைத்ததும் அவ்வழியே. அந்த ஒன்றியச் சின்னத்தை நோர்வேயர் ஹெரிங் மீன் கலவை என்று கேலிசெய்தனர்; நம்மவருக்குச் சம்பல் என்று சொன்னால் சட்டென்று விளங்கும்.

மே 17ஆம் திகதியைக் கொண்டாடுவதை மன்னர் கார்ல் யோஹான் விரும்பவில்லை. 1829ஆம் ஆண்டு அதே நாளில், அரசியலமைப்பின் பெயரையே தாங்கிய நீராவிக் கப்பல் ஒன்று கிறிஸ்டியானியாத் துறைக்குள் வந்தபோது மக்கள் கூடி ஆரவாரித்தனர். மாலையில் சதுக்கத்தில் நின்றோர்மீது படையினர் ஏவப்பட்டனர். இன்று பிள்ளைகள் கொடியேந்தி நடக்கும் நாள் அது. துறைமுக நகரத்தாருக்கு இந்தக் கதை பிடிக்கும். ஆனால் இதில் தங்கிவிடாதீர்கள்.

மொழிச் சிக்கலுக்குக் கால் மணித்தியாலம் கொடுங்கள். நானூறு ஆண்டுகால டேனிய ஆட்சியால் எழுத்து மொழி டேனியமாகவே இருந்தது. இவார் ஓசன் என்ற விவசாயி மகன் ஊரூராக நடந்து பேச்சுவழக்குகளைத் திரட்டி, 1848இல் இலக்கணமும் 1850இல் அகராதியும் வெளியிட்டு, அவற்றிலிருந்து ஒரு புதிய எழுத்து மொழியை உருவாக்கினார். 1885இல் ஸ்டோர்டிங் அதற்குச் சம இடம் அளித்தது. எழுதுவது ஒன்றும் பேசுவது ஒன்றுமாக வாழும் நாம் இதைப் பற்றி இரவு முழுவதும் பேசுவோம் என்பதால்தான் கால் மணித்தியாலம் என்று அளவு சொல்கிறேன்.

இந்த அமர்வில் தாள் ஒட்ட வேண்டிய நிகழ்ச்சி 1884ஆம் ஆண்டினுடையது. அமைச்சர்கள் ஸ்டோர்டிங்கின் அமர்வுகளுக்கு வந்து பதிலளிக்க வேண்டும் என்ற அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மன்னர் மீண்டும் மீண்டும் இசைவு மறுத்தார். சாதாரண சட்டத்தில் மூன்று முறை என்ற எல்லை உண்டு. அரசியலமைப்புத் திருத்தத்தில் என்ன என்று ஏட்டில் எழுதப்பட்டிருக்கவில்லை. 1880ஆம் ஆண்டு ஸ்டோர்டிங், அத்திருத்தம் மன்னரின் ஒப்பமின்றியே செல்லும் என்று தீர்மானித்தது. அரசாங்கம் அதனை ஏற்காததால், அமைச்சர்கள்மீது குற்றப்பிரேரணை கொண்டுவரப்பட்டு, 1884 பெப்ரவரியில் பிரதமர் செல்மர் பதவியிழக்கும்படி தீர்ப்பாயிற்று. ஜூன் மாதம் யோஹான் ஸ்வெர்ட்ரூப் பிரதமரானார். பாராளுமன்றத்தின் நம்பிக்கை இல்லாமல் அரசாங்கம் நடத்த முடியாது என்ற வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியது இவ்வாறுதான். மன்னரைத் தொடாமல் அமைச்சரைப் பொறுப்பாளியாக்கிய இந்த உத்தியை வட்டத்தினர் நன்றாக விளங்கிக்கொள்ளாவிட்டால் 1905 விளங்காது.

நான்காம் அமர்வு: எழுதப்படாத ஒப்பம், 1905

1905இல் பிளவுக்குக் காரணமானது கொன்சல் பிரச்சினை. இதைச் சொல்லிப் புரியவைப்பதைக் காட்டிலும் துறைமுகத்தைக் காட்டிப் புரியவைப்பது எளிது. முடிந்தால் அந்த மாலைக்கு மட்டும் வட்டத்தை உட்துறைமுக வீதியோரம் கூட்டுங்கள். பேர்கனில் பதிவான பாய்க்கப்பல் ஒன்று நம் துறைக்குள் நிற்பதாகக் கற்பனை செய்யச் சொல்லி வேலை பகிருங்கள்: ஒருவர் காய்ச்சலில் விழுந்த மாலுமி, ஒருவர் சம்பளம் கிடைக்காத சமையற்காரர், ஒருவர் இறந்துபோனவரின் பெட்டியை வைத்திருக்கும் தோழர், ஒருவர் கப்பலை விட்டு ஓடியவர். இவர்கள் எல்லோரும் தேடிப்போகும் ஆள் கொன்சல். நோர்வே அக்காலத்தில் உலகின் மிகப்பெரிய வணிகக் கப்பற்படைகளுள் ஒன்றைக் கொண்டிருந்தது. 1849இல் பிரித்தானியா தன் கப்பற்சட்டங்களை நீக்கிய பின்னர் அதன் கப்பல்கள் எல்லாத் துறைகளிலும் நுழைந்தன. ஆனால் அந்தக் கப்பல்களுக்கு உதவிய கொன்சல்கள் இரு நாடுகளுக்கும் பொதுவானவர்கள். மேலாணை ஸ்டொக்ஹோமிலிருந்த சுவீடன் வெளிவிவகார அமைச்சரிடம் இருந்தது. சுவீடன் இறக்குமதி வரிகளை உயர்த்தித் தன் தொழில்களைக் காக்க விரும்பியது. கப்பலால் பிழைத்த நோர்வே திறந்த வணிகத்தை விரும்பியது. நலன்கள் விலகியபின் கொன்சல் யாருடைய ஆள் என்ற கேள்வி தானாக எழுந்தது.

1905 மார்ச்சில் பேர்கன் கப்பல் முதலாளியான கிறிஸ்டியான் மிக்கெல்சன் பிரதமரானார். தனிக் கொன்சல் சேவைக்கான சட்டமூலத்தை ஸ்டோர்டிங் நிறைவேற்றியது. மே 27ஆம் திகதி மன்னர் இரண்டாம் ஒஸ்கார் ஸ்டொக்ஹோமில் இசைவு மறுத்தார். அமைச்சர்கள் வாதிடவில்லை, அந்த மறுப்புத் தாளில் மேலொப்பமிட மறுத்துப் பதவி விலகல் கடிதங்களை வைத்தனர். அரசியலமைப்பின்படி மேலொப்பமில்லாத ஆணை செல்லாது. வேறோர் அரசாங்கத்தை இப்போது அமைக்க முடியாதென்பது தமக்குத் தெளிவு என்று சொல்லி, மன்னர் விலகலை ஏற்க மறுத்தார். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் கிறிஸ்டியானியாவில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

ஜூன் 7ஆம் திகதித் தீர்மானத்தை வட்டத்தினர் தாமே தமிழாக்க வேண்டும். கருத்து இது: அமைச்சர் அனைவரும் பதவி விலகியமையாலும், புதிய அரசாங்கம் அமைக்கத் தம்மால் இயலாதென மன்னர் அறிவித்தமையாலும், அதனால் அரசியலமைப்பின்படியான மன்னரதிகாரம் செயலற்றுப்போனமையாலும், மன்னர் நோர்வேயின் மன்னராகச் செயற்படாது விட்டதன் விளைவாக ஒரே மன்னரின்கீழான ஒன்றியம் கலைந்ததற்கு ஏற்ற மாற்றங்களுடன், விலகிய அமைச்சர்களே இடைக்கால அரசாங்கமாக இருக்க ஸ்டோர்டிங் அதிகாரமளிக்கிறது. ஒன்றியம் கலைந்தது என்ற செய்தி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். அது முதன்மை வாக்கியத்தில் இல்லை. போகிறபோக்கில், துணைத்தொடர் ஒன்றில் வருகிறது. பிரிகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. பிரிந்துபோனதற்கேற்ப அலுவல் பார்க்கிறோம் என்றார்கள். எச்சங்களை அடுக்கி வினைமுற்றைக் கடைசிக்கு வைக்கும் நம் மொழியில் இந்தத் தந்திரம் இன்னும் இயல்பாக அமைகிறது. எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற கச்சேரி எழுதுவினைஞர் ஒருவர் செய்த தமிழாக்கத்தில் ஒன்றியம் கலைந்ததை நாங்கள் மூன்றாம் வாசிப்பில்தான் கண்டோம்.

சுவீடன் தரப்பின் வாதத்தையும் ஒருவர் எடுத்துப் பேச வேண்டும். இருவர் செய்த உடன்பாட்டை ஒருவர் தனித்துக் கலைக்க முடியாது. கலைப்பதானால் மக்களின் விருப்பம் முறைப்படி காட்டப்பட வேண்டும் என்பது அவர்கள் நிலை. இதை முன்னுணர்ந்த நோர்வே அரசாங்கம் ஆகஸ்ட் 13ஆம் திகதி வாக்கெடுப்பை நடத்தியது. கேள்வி கவனமாக எழுதப்பட்டிருந்தது: நடந்து முடிந்த கலைப்புக்கு உடன்படுகிறீர்களா? இப்போது பூட்டி வைத்த எண்களை வெளியே எடுக்கலாம்.

எடுத்தவுடன் மூன்றாம் நிரலுக்குப் போங்கள். 1898 முதல் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை இருந்தது. பெண்கள் அனைவருக்கும் அது 1913இல்தான் கிடைக்கவிருந்தது. வாக்குச்சீட்டு மறுக்கப்பட்ட பெண்கள், பிரெட்ரிக்கே மரியே குவாம் தலைமையிலான வாக்குரிமைச் சங்கத்தின் முயற்சியால், 2,40,000க்கும் மேற்பட்ட ஒப்பங்களைத் திரட்டிக் கலைப்புக்கு ஆதரவாக ஸ்டோர்டிங்கிடம் கையளித்தனர். கேட்கப்படாதோர் தாமே வந்து ஒப்பமிட்ட தாள் நம் ஐந்து தாள்களில் இது ஒன்றுதான். இலங்கையில் பெண்களுக்கு வாக்குரிமை 1931இல் வந்தது என்பதை இங்கே சொல்லலாம். ஒப்பீட்டுக்கான கதவை நான் திறப்பதும் இந்த இடத்தில்தான், அதற்கு முன்னர் அன்று.

நவம்பர் வாக்கெடுப்பில் மக்கள் முடியாட்சியைத் தெரிந்ததையும், டேனிய இளவரசர் கார்ல் ஏழாம் ஹோகோன் என்ற பெயருடன் மன்னரானதையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அதற்கு முந்திய செப்டெம்பரிலேயே நேரத்தைச் செலவிடுங்கள். அமைதியாகப் பிரிந்த நாடுகள் என்று நாம் சொல்லும்போது, அம்மாதத்தில் இரு தரப்புப் படைகளும் எல்லையில் நின்றன என்பதை மறந்துவிடுகிறோம். ஆகஸ்ட் 31ஆம் திகதி முதல் சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் தரப்புக்கு நால்வராக எண்மர் இருந்து பேசினர்; செப்டெம்பர் 23ஆம் திகதி உடன்பாடு கண்டனர். நோர்வே தன் எல்லைக் கோட்டைகளில் பலவற்றை இடிக்கவும், எல்லையின் ஒரு பகுதியில் படையற்ற வலயம் அமைக்கவும், எதிர்காலப் பிணக்குகளை ஹேக் நடுவர் மன்றுக்குக் கொண்டுபோகவும் இணக்கம் ஏற்பட்டது. பல நோர்வேயர் கோட்டை இடிப்பை அவமானமாகக் கருதினர். ஒக்டோபர் 26ஆம் திகதி சுவீடன் நோர்வேயின் பிரிவை ஏற்றுக்கொண்டது.

கார்ல்ஸ்டாட்டில் எழுதப்பட்டவற்றுள் பனிமான் மேய்ச்சல் பற்றிய உடன்படிக்கையும் ஒன்று. கோடையில் நோர்வேக் கரைக்கும் குளிரில் சுவீடன் காடுகளுக்குமாகத் தலைமுறை தலைமுறையாக மந்தை ஓட்டிய, வடகோடிப் பழங்குடியினரான சாமி மக்களின் வழித்தடங்களை எல்லைக்கோடு ஒன்று ஏற்கெனவே குறுக்கே வெட்டியிருந்தது. எத்தனை காலம், எந்த நிலத்தில் மேய்க்கலாம் என்பதை அந்த உடன்படிக்கை வரையறுத்தது. மேசையில் இருந்த எண்மருள் சாமியர் எவருமில்லை. சாமி ஆசிரியர் இசாக் சபா ஸ்டோர்டிங்குக்குத் தெரிவானது அடுத்த ஆண்டு, 1906இல். ஐந்தாம் தாளின் மூன்றாம் நிரலை வட்டத்தினர் நிரப்பி முடித்ததும் அதை எடுத்துச் சென்று, சுவரில் கீல் உடன்படிக்கையின் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.